தலை தண்ணீரில், வால் கொழுப்பில்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் கொழுப்பைப் பற்றி எழுதியபோது, பாஸ்போலிப்பிட் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. முதலில் மருத்துவமனை ஆய்வகம், அப்புறம் வகுப்பறை என்று என் வேலைக்காலம் முழுக்க இந்த மூலக்கூறோடு பழகியவள் நான். அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

கேள்வி: எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று ஒரு பாடத்தில் படிக்கிறோம். அடுத்த பாடத்தில், செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது என்று வருகிறது. செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். நடுவே கொழுப்பு எப்படிச் சுவராக நிற்கும், டீச்சர்? (ஒரு பள்ளி மாணவி)

பதில்: உன் கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கிறது, மகளே. சேராது என்பதால்தான் அது சுவராக நிற்கிறது.

சாதாரணக் கொழுப்பை எடுத்துக்கொள். கிளிசரால் என்கிற சின்ன முதுகெலும்பு, அதில் தொங்கும் மூன்று நீண்ட கொழுப்பு அமில வால்கள். மூன்றுமே தண்ணீரை விட்டு ஒதுங்குபவை. அதில் ஒரு வாலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பாஸ்பேட்டை வை. பாஸ்பேட்டின் மறுபக்கம் கோலின், எத்தனாலமைன், செரின், இனோசிட்டால் போன்ற ஒரு சிறு மூலக்கூறை மாட்டு. கிடைப்பதுதான் பாஸ்போலிப்பிட். பாஸ்பேட்டுக்கு மின்னூட்டம் உண்டு. தண்ணீரைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். ஆக, ஒரே மூலக்கூறில் தலைக்குத் தண்ணீர் வேண்டும், வால்களுக்குத் தண்ணீர் ஆகாது.

இதைத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் மூலக்கூறுகள் எப்போதும் ஒன்றோடொன்று கைகோத்து, கோத்த கையை நொடிக்குள் பலமுறை மாற்றிக்கொண்டே இருப்பவை. நடுவில் ஒரு கொழுப்பு வால் வந்து நின்றால், அதைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு அந்தத் தாராளம் போய்விடுகிறது. வால்களெல்லாம் ஓரிடமாக ஒதுங்கிவிட்டால் அது திரும்பக் கிடைக்கும். அதனால் மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி, தலைகள் இரு புறமும் தண்ணீரைப் பார்த்தபடி. விரிப்பின் ஓரத்தில் வால்கள் தண்ணீரில் படுமே என்று கேட்பாய். அதற்கும் இடம் கொடுக்காமல் ஓரங்கள் வளைந்து சேர்ந்து பந்தாக மூடிக்கொள்ளும். பசை வேண்டாம், கட்டுபவர் வேண்டாம். சவ்வில் சின்னக் கிழிசல் விழுந்தால் அது தானாக மூடிக்கொள்ள முடிவதும் இதே காரணத்தால்தான்.

என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இதைக் கண்ணாலேயே காட்டிவிடுவேன். முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரித்த லெசித்தின், அதாவது கோலின் தலை கொண்ட பாஸ்போலிப்பிட், மெழுகு மாதிரி மஞ்சளாக இருக்கும். ஊசி முனையில் கடுகளவு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, மேலே மெல்லிய மூடுசில்லை வைத்து, நுண்ணோக்கியின் கீழே தள்ளுவேன். அப்புறம் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். தண்ணீர் ஊர்ந்து வந்து அந்தக் கட்டியைத் தொட்ட சில நொடிகளில், அதன் விளிம்பிலிருந்து விரல் விரலாகக் குழாய்கள் முளைத்து வளரும். நெளியும், சுருளும், சில தனியாகப் பிரிந்து மிதக்கும். உயிருள்ள ஏதோ ஒன்று என்றே முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உயிர் கிடையாது. நான் சொன்ன அந்த இரட்டை வரிசைதான், அடுக்கு அடுக்காகத் தண்ணீரை வாங்கிக்கொண்டு விரிகிறது. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1854-லேயே இந்த உருவங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

லெசித்தினை முதலில் பிரித்தவர் கோப்லே என்ற பிரெஞ்சு மருந்தாளர், 1840-களில். மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். இரட்டை வரிசை என்று கண்டறிந்தது 1925-ல், நெதர்லாந்தின் லெய்டன் நகரில். கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டெல் என்பவரும் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் ஒற்றை மூலக்கூறு தடிமனில் பரப்பி அளந்தார்கள். அந்தப் பரப்பு, சிவப்பணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அவர்கள் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. கொழுப்பை முழுவதும் பிரித்தெடுக்கவில்லை. சிவப்பணுவின் பரப்பையும் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டதால் விடை சரியாக அமைந்தது. பின்னால் வந்தவர்கள் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகும் இரட்டை வரிசை அப்படியே நிலைத்தது.

சுவர் என்றதும் செங்கல் சுவரை நினைத்துவிடாதே. அந்த இரட்டை வரிசையின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். 20,000 சவ்வுகளை அடுக்கினால் ஒரு தாளின் கனம் வரும். அதற்குள் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்தில் நிற்பதோடு நொடிக்கு ஒரு கோடி முறை இடம் மாறிக்கொள்கிறது. எண்ணெய்ப் படலம் போல வழுக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒரு வரிசையிலிருந்து எதிர் வரிசைக்குக் குட்டிக்கரணம் அடிப்பது மட்டும் அதற்கு மிகக் கடினம். தண்ணீரை விரும்பும் தலை, நடுவிலுள்ள கொழுப்பைக் கடந்து போக வேண்டுமே! தானாக நடக்கப் பல மணி நேரம், சில சமயம் நாட்கள் ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள். கடைசிக் கேள்விக்கு இது தேவைப்படும்.

கேள்வி: என் மகன் 29 வாரத்தில் பிறந்தான். பிறந்த கொஞ்ச நேரத்திலேயே அவன் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு வெள்ளையாக ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். "சர்பாக்டன்ட், ஒருவகைக் கொழுப்புதான்" என்றார்கள். நுரையீரலுக்குள் கொழுப்பை விடுவார்களா அம்மா? இப்போது இரண்டு வயது, ஓடி ஆடுகிறான். ஆனாலும் அந்த மருந்து உள்ளே எங்காவது தங்கியிருக்குமோ என்று இரவில் பயம் வருகிறது. (ஓர் இளம் தாய்)

பதில்: பயப்படாதேம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளை மருந்து, உன் மகனின் நுரையீரல் இன்னும் சில வாரங்கள் கழித்துத் தானே செய்திருக்க வேண்டிய பொருள். அது தங்கிக் கெடுதல் செய்யவில்லை. நுரையீரலின் செல்கள் அதை உள்ளே இழுத்து, பிரித்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொண்டன. பச்சிளம் குழந்தையின் நுரையீரல் இந்த மறுபயன்பாட்டில் மிகச் சிக்கனமானது. சில நாட்களில் அவனே சொந்தமாகச் சுரக்கத் தொடங்கியிருப்பான்.

இனி ஏன் என்று சொல்கிறேன். நுரையீரலில் காற்று நுண்ணறைகள் என்று மிகச் சிறிய பைகள் இருக்கின்றன. வளர்ந்தவருக்கு 30 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். உள்சுவரில் மெல்லிய தண்ணீர்ப் படலம். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கும். அதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். பை சிறிதாக ஆக, அந்த இழுப்பு தரும் அழுத்தம் கூடும். மூச்சை வெளியே விடும்போது பைகள் சிறுத்து, சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு மூச்சும், ஊதாத புது பலூனை முதல் தடவை ஊதுவது போலத்தான்.

இதைத் தடுப்பது ஒரு பாஸ்போலிப்பிட். இரண்டு வால்களும் பால்மிட்டிக் அமிலமாக அமைந்த லெசித்தின் வகை. டைபால்மிட்டாயில் பாஸ்படிடைல்கோலின் என்று நீளமான பெயர். தலை தண்ணீருக்குள், வால்கள் காற்றில். இதன் வால்களில் வளைவே கிடையாது, இரண்டும் நேர் குச்சிகள். மூச்சை விடும்போது பரப்பு சுருங்க, இந்தக் குச்சிகள் நெருக்கியடித்து நின்று, கிட்டத்தட்ட திடப்படலமாகவே ஆகிவிடுகின்றன. பரப்பு இழுவிசை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்குகிறது. இதன் உருகுநிலை 41 டிகிரி செல்சியஸ், நம் உடம்பின் வெப்பம் 37. அந்த நான்கு டிகிரி இடைவெளியைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். அதனால்தான் அழுத்தும்போது அது இறுகுகிறது. தனியாக விட்டால் இறுகியபடியே நின்றுவிடும் என்பதால், மூச்சை இழுக்கும்போது மறுபடி பரவ உதவ வேறு கொழுப்புகளும் சில புரதங்களும் கூடவே சுரக்கின்றன.

கருவின் நுரையீரலில் இது சுமார் 24-வது வாரத்தில் உருவாகத் தொடங்கி, 35-வது வாரத்தை ஒட்டித்தான் போதிய அளவை எட்டுகிறது. உன் மகன் அவசரப்பட்டு வந்துவிட்டான்.

இந்த உண்மை தெரிய வந்த கதையையும் கேள். 1929-ல் சுவிட்சர்லாந்தில் ஃபான் நீர்கார்டு என்பவர், நுரையீரலைக் காற்றால் நிரப்புவதைவிடத் திரவத்தால் நிரப்புவது எளிது என்று காட்டினார். திரவம் நிரம்பினால் பரப்பு இழுவிசை என்ற பேச்சே இல்லையே. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1959-ல் மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர் ஜெர் மீட் என்பவரோடு சேர்ந்து, மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் குறைவாக இருப்பதை நிறுவினார். அப்போதும் கொடுக்க மருந்து கிடையாது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்து வாரத்துக்கு மேல் முன்கூட்டிப் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். ஒரு நாட்டின் அதிபராலும் தன் பிள்ளைக்கு வாங்கித் தர முடியாமல் போன பொருளைத்தான் உன் மகனுக்குக் கொடுத்தார்கள். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாராவும் அவருடன் பணிபுரிந்தவர்களும், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்பாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதற்கு முன்னரே, 1972-ல், நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று காட்டிவிட்டார்கள். உனக்கும் அந்த ஊசி போட்டிருக்கக்கூடும். பழைய சீட்டுகளைப் பார்.

நான் ஆய்வகத்தில் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரு சோதனைக்குழாயும் கொஞ்சம் ஆல்கஹாலும்தான். முன்கூட்டிப் பிரசவம் ஆகுமோ என்று பயந்தால் பனிக்குட நீரைச் சிறிது எடுத்து அனுப்புவார்கள். 95 சதவீத எத்தனாலோடு கலந்து, குழாயை மூடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 நொடி நன்றாகக் குலுக்க வேண்டும். அப்புறம் அசையாமல் 15 நிமிடம் வைக்க வேண்டும். மற்ற பொருள்களின் நுரையை ஆல்கஹால் உடைத்துவிடும். சர்பாக்டன்டின் நுரை மட்டும் நிற்கும். திரவத்தின் மேல் விளிம்பில் குமிழிகள் அறுபடாமல் வட்டமாக நின்றால் நுரையீரல் முதிர்ந்துவிட்டது. அந்த 15 நிமிடம் குழாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வட்டம் பாதியில் அறுந்து, பிறகு ஒன்றிரண்டு குமிழிகளாகி, கடைசியில் வெறும் திரவம் தெரிந்த ஓர் இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தொலைபேசியில் முடிவைச் சொல்லக் குரல் வரவில்லை. அந்தக் குழந்தைக்குக் கொடுக்க அன்று எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. உன் மகன் ஓடி ஆடுகிறான் என்ற வரியை நான் மூன்று முறை படித்தேன், அம்மா.

கேள்வி: எனக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது. இரண்டாவது கர்ப்பத்தின்போது செய்த ரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். லேசாக பாசிட்டிவ் என்று வந்தது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். என் கணவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது வேறொரு மருத்துவர், "உங்களுக்கு சிபிலிஸ் இல்லை, ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினையாக இருக்கலாம்" என்கிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? (ஒரு வாசகி)

பதில்: சகோதரி, இந்தப் பதிலை உங்கள் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வி.டி.ஆர்.எல். சோதனை சிபிலிஸ் கிருமியைத் தேடுவதே இல்லை. அது தேடுவது, கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிடுக்கு எதிராக ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்பதை. 1906-ல் வாஸர்மன் சிபிலிஸுக்குச் சோதனை கண்டபோது, நோயுற்ற உறுப்பின் சாற்றைத்தான் பயன்படுத்தினார். கொஞ்ச காலத்தில், நோயே இல்லாத மாட்டு இதயத்தின் சாறும் அதே வேலையைச் செய்வது தெரிந்து எல்லோரும் குழம்பினார்கள். அந்தச் சாற்றில் இருக்கும் பொருள் எது என்று 1940-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தவர் மேரி பாங்க்போர்ன். இதயத்திலிருந்து கிடைத்ததால் கார்டியோலிப்பின். நம் உடம்பில் அது மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கிறது. மற்ற பாஸ்போலிப்பிடுகளுக்கு இரண்டு வால் என்றால் இதற்கு நான்கு.

இன்றைக்கும் வி.டி.ஆர்.எல். சோதனையில் கலப்பது கார்டியோலிப்பின், லெசித்தின், கொலஸ்டிரால் மூன்றும்தான். சிபிலிஸ் வந்தவரின் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருக்கும். ஆனால் அது உள்ளவர்களுக்கெல்லாம் சிபிலிஸ் என்று ஆகாது. கர்ப்ப காலத்தில், வேறு சில தொற்றுகளில், லூபஸ் போன்ற நோய்களில், உங்களுக்கு இப்போது சந்தேகிக்கும் நிலையில் என்று பலருக்கும் வி.டி.ஆர்.எல். லேசாக பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் கிருமிக்கே உரிய டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு சோதனையும் செய்த பிறகே சிபிலிஸ் என்று எழுத வேண்டும். அதைச் செய்யாமல் ஒரு பெண்ணின் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தது தவறு. ஆய்வகத்தில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் கோபம் வருகிறது.

ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பதை 1983-ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, பாஸ்போலிப்பிடையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் சில புரதங்களையும் அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. விளைவாக ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறையும்: கால் ரத்தக்குழாயில், மூளையில். நஞ்சுக்கொடியையும் இந்த ஆன்டிபாடிகள் பாதிப்பதால் கரு நிலைக்காமல் போகிறது.

உங்கள் அறிக்கையில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கக்கூடும். சோதனைக்குழாயில் உங்கள் ரத்தம் உறைய வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். உடம்புக்குள்ளோ சீக்கிரம் உறைகிறது. ரத்தம் உறைய பாஸ்போலிப்பிட் பரப்பு ஒன்று வேண்டும். குழாயில் நாங்கள் ஊற்றும் பாஸ்போலிப்பிடை உங்கள் ஆன்டிபாடி பிடித்துக்கொள்வதால் அங்கே தாமதமாகிறது, அவ்வளவுதான். உறையும் நேரம் அதிகம், ஆகவே ரத்தம் நீர்த்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 என்று மூன்று சோதனைகள் உண்டு. ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி செய்து பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானால், அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும், உறைவைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் கொடுப்பது வழக்கம். அளவும் காலமும் உங்கள் மருத்துவர் கையில். இந்தச் சிகிச்சையோடு பெரும்பாலான பெண்கள் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்; அவை உறைவைக் கூட்டும்.

கேள்வி: சோப்பு போட்டுக் கை கழுவினால் வைரஸ் சாகுமா, அல்லது நீரோடு போய்விடுகிறதா?

பதில்: இரண்டும் நடக்கிறது. கொரோனா, இன்ஃபுளுயன்சா போன்ற வைரஸ்கள் நம் செல்லிலிருந்து வெளியேறும்போது, செல்லின் பாஸ்போலிப்பிட் சவ்வில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகின்றன. சோப்பு மூலக்கூறுக்கும் தலை, வால் உண்டு. அந்தப் போர்வைக்குள் வாலை நுழைத்து அதைப் பிரித்துவிடும். நோரோ வைரஸ் போலப் போர்வையே இல்லாதவையும் உண்டு. அவற்றைச் சோப்பும் தண்ணீரும் தேய்த்து அகற்றுவதே வழி. கைக்கான ஆல்கஹால் திரவம் அவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, மறதி கூடிக்கொண்டே போகிறது. மூளையே பாஸ்போலிப்பிடால் ஆனது, லெசித்தின் காப்ஸ்யூல் கொடுத்தால் நினைவு திரும்பும் என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா மேடம்?

பதில்: அப்பாவுக்காக நீங்கள் படும் பாடு புரிகிறது, தம்பி. அதனாலேயே நேராகச் சொல்கிறேன். லெசித்தின் மறதி நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மறதி நோயாளிகளிடம் நடந்த சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்தபோதும் தெளிவான பலன் தெரியவில்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நல்லது. நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின், கோலினிலிருந்து உருவாகிறது. அல்சைமர் நோயில் அது குறைகிறது. லெசித்தினில் கோலின் இருக்கிறது. அப்போது லெசித்தினைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் விழுங்கிய லெசித்தின் அப்படியே மூளைக்குப் போய் உட்கார்வதில்லை. கணையத்தின் என்சைம் குடலிலேயே அதன் ஒரு வாலைக் கழற்றிவிடும், குடல் செல் தனக்கு வேண்டியபடி வேறு வாலை மாட்டும், அப்புறம் கல்லீரல். அதோடு, அந்த நோயில் கெடுவது அசிட்டைல்கோலினைச் செய்யும் நரம்புச் செல்லே. செய்கிறவர் இல்லாத இடத்தில் சரக்கை மட்டும் கொண்டுபோய்க் குவித்து என்ன பயன்?

கோலின் உடம்புக்கு அவசியம் என்பதில் சந்தேகமில்லை. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குபெற்ற சார்லஸ் பெஸ்ட், 1930-களில் நாய்களிடம் இதைக் காட்டினார். கோலின் குறைந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும். கல்லீரல் கொழுப்பை வெளியே அனுப்ப அதைச் சிறு உருண்டைகளாகக் கட்டி, மேலே பாஸ்போலிப்பிட் உறை போட வேண்டும். உறை இல்லையென்றால் சரக்கு உள்ளேயே கிடக்கும். 1998-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம், பெண்களுக்கு 425 மில்லிகிராம் போதுமானது என்று வகுத்தது. நம் கல்லீரலும் கொஞ்சம் செய்துகொள்கிறது.

காப்ஸ்யூலை யோசிக்கும் முன் அப்பாவை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு குறைவு, பி-12 குறைவு, மனச்சோர்வு, வேறு நோய்களுக்காக எடுக்கும் சில மாத்திரைகள், இவையெல்லாம் மறதியை உண்டாக்கும். இவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது. காப்ஸ்யூலை நம்பி அந்த மாதங்களை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

கேள்வி: பாம்பு விஷத்திலும் பாஸ்போலிப்பிட் சம்பந்தம் உண்டாமே?

பதில்: உண்டு. பல பாம்புகளின் விஷத்திலும் தேனீயின் விஷத்திலும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற என்சைம் இருக்கிறது. அது பாஸ்போலிப்பிடின் இரண்டு வால்களில் ஒன்றை வெட்டிவிடும். ஒற்றை வாலோடு மிஞ்சும் மூலக்கூறு சவ்வில் சரியாகப் பொருந்தாமல் அதைக் குலைக்கும், சிவப்பணு உடையும். இதே வகை என்சைம் நம் செல்லுக்குள்ளும் அளவாக வேலை செய்கிறது என்பது பலருக்கும் தெரியாது. நமக்கு அடிபட்டால் அது சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற வாலை வெட்டி எடுக்கும். அதிலிருந்து புராஸ்டாகிளாண்டின் உருவாகி வீக்கம், வலி, காய்ச்சல் வரும். ஆஸ்பிரின் அந்த அடுத்த படியைத் தடுக்கிறது என்று 1971-ல் காட்டிய ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டீராய்டு மருந்துகள் அதற்கும் ஒரு படி முன்னால், வாலை வெட்டும் இடத்திலேயே கை வைக்கின்றன.

கேள்வி: உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் செத்துப்போகின்றன என்கிறார்கள். ஒரு செல் செத்துப்போனது என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? (ஓய்வு பெற்ற ஒரு வாசகர்)

பதில்: ஐயா, இந்தக் கடிதக்கட்டில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

செல் சவ்வுக்கு இரண்டு வரிசை என்று மேலே சொன்னேன். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோலின் தலை கொண்டவை பெரும்பாலும் வெளி வரிசையில். செரின் தலை கொண்ட பாஸ்படிடைல்செரின் கிட்டத்தட்ட முழுவதும் உள் வரிசையில். தவறி ஒன்று வெளியே போய்விட்டால், ஃபிளிப்பேஸ் என்ற புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்து அதைப் பிடித்து மறுபடி உள்ளே திருப்பும். உயிரோடு இருக்கும் வரை செல் இந்த வேலையை ஒரு நிமிடமும் நிறுத்துவதில்லை.

செல் தன்னை முடித்துக்கொள்ளும் கட்டம் வரும்போது ஃபிளிப்பேஸ் நின்றுவிடுகிறது. ஸ்கிராம்பிளேஸ் என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொண்டு இரண்டு வரிசையையும் கலக்கிவிடுகிறது. தானாக நடக்கப் பல மணி நேரம் பிடிக்கும் அந்தக் குட்டிக்கரணம் இப்போது சடசடவென்று நடக்கிறது. பாஸ்படிடைல்செரின் வெளிமுகத்துக்கு வந்துவிடும். மேக்ரோபேஜ் என்கிற விழுங்கு செல்கள் அதைத் தொட்டுப் பார்த்து அடையாளம் கண்டு, செல் உடைந்து உள்ளிருப்பது கசிவதற்கு முன் முழுதாக விழுங்கிவிடும். அதனால் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. நாமும் அறிவதில்லை.

இதே அடையாளத்தை ரத்தத் தட்டணுக்கள் வேறு வேலைக்குப் பயன்படுத்துகின்றன. காயம் பட்ட இடத்தில் அவை பாஸ்படிடைல்செரினை வெளியே காட்டும். அதன் எதிர்மின்னூட்டத்தின் மேல், கால்சியத்தின் துணையோடு, உறைவுக் காரணிகள் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கும். மிக அரிதாகச் சிலருக்கு இந்தத் திருப்பம் நடக்காது. ஸ்காட் சிண்ட்ரோம் என்று பெயர். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனாலும் காயத்திலும் பிரசவத்திலும் ரத்தம் நிற்காமல் போகும்.

ஆய்வகத்தில் இதைப் பார்க்க அனெக்சின் வி என்ற புரதத்தில் ஒளிரும் சாயத்தை ஏற்றி விடுவோம். பாஸ்படிடைல்செரின் வெளியே இருந்தால்தான் அது ஒட்டும். இருட்டு அறையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், நலமாக உள்ள செல்கள் தெரியவே தெரியாது. சாகத் தொடங்கிய செல்லைச் சுற்றி மட்டும் மெல்லிய பச்சை வளையம் ஒன்று தெரியும். சாதாரண வெளிச்சத்துக்கு மாற்றிப் பார்த்தால் அந்தச் செல் அப்போதும் முழுதாக, பக்கத்துச் செல்லைப் போலவேதான் இருக்கும்.